ஃபர்ஸ்ட் இயர் செல்ஃப் இன்ட்ரோ: கூந்தன்குளத்துப் பக்கம் இருந்து கோவை வந்தவளோட அனுபவம்

காலேஜ் சேர்ந்த முதல் மாசத்துல நாம படிக்கிறத விட நம்மளப் பத்தி பேசுறதுதாங்க அதிகம். கிளாஸ்ல ஒவ்வொரு மேடமும் கேப்பாங்க, ஹாஸ்டல்ல அக்காமாரு கேப்பாங்க, மெஸ்ல தட்டத் தூக்கிட்டு பக்கத்துல வந்து உக்கார்றவளும் கேப்பா. பேரு என்ன, எந்த ஊரு, வீட்ல என்ன பண்றாங்க, ஹாபி என்ன. இந்த நாலு கேள்விக்கு பதில் சொல்லியே ஜூலை மாசம் ஓடிருச்சு எனக்கு. இப்போ செகண்ட் செம் ஆரம்பிச்சாச்சு, அடுத்த வருஷம் வரப்போற தங்கச்சி தம்பிகளுக்கு உதவும்னு எழுதுறேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும், டீ போட்டுட்டு வந்து படிங்க.

மொதல்ல என்னப் பத்தி. திருநெல்வேலி மாவட்டம், நாங்குநேரி தாலுகா, மூலைக்கரைப்பட்டிக்கும் கூந்தன்குளத்துக்கும் நடுவுல ஒரு சின்ன ஊரு. அப்பா லோடு ஆட்டோ ஓட்டுறாங்க, அம்மா பீடி சுத்துறாங்க. கவர்மெண்ட் ஸ்கூல், ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம். இப்போ கோயம்புத்தூர்ல பி.காம் சிஏ. எங்க வீட்ல டிகிரி படிக்கிற மொத ஆளு நான்தான். ஹாபி, பறவை பாக்குறது.

இந்த கடைசி வரிய சொல்றதுக்குத்தான் அவ்வளவு யோசிச்சேன். ஏன்னா எங்க ஊர்ல அது ஹாபியே கிடையாது, ஜன்னலத் தெறந்தா தெரியுற விஷயம். எங்க ஆச்சி வீடு கூந்தன்குளத்துக்குள்ளயே இருக்கு. அங்க பறவைங்க குளத்துல மட்டும் இருக்காது, தெருவுல நிக்கிற புளியமரம் வேப்பமரத்துல எல்லாம் சங்குவளை நாரை கூடு கட்டியிருக்கும், அதான் மஞ்ச மூக்கு, இறக்கைல ரோஸ் கலர் வருமே அது. கூழைக்கடாவும் கூடு கட்டும். கீழ காயப்போட்ட துணி மேல எச்சம் விழும், மீன் வாடை வரும், புதுசா வர்ற ஆளு மூக்கப் பொத்திக்குவாங்க, ஊருக்காரங்களுக்கு அதெல்லாம் பழகிப்போச்சு. தீபாவளிக்கு வேட்டு போடுறதில்ல. கூட்டுல இருந்து கீழ விழுந்த குஞ்ச எடுத்து மீன் போட்டு வளக்குற ஆளுங்க ஊர்ல உண்டு. ஆச்சிகிட்ட கேட்டா “பெத்து எடுக்க அம்மா வீட்டுக்கு வந்த புள்ளைய வெரட்டுவாங்களாட்டி”ன்னு ஒரே பதில்தான். இதுல கருணை மட்டும் இல்ல, கணக்கும் இருக்கு, எச்சம் கலந்த குளத்துத் தண்ணியும் மரத்தடி மண்ணும் வயலுக்கு நல்ல உரம்னு எல்லாருக்கும் தெரியும்.

1994ல சரணாலயம்னு அறிவிச்சாங்க, 2022ல ராம்சார் லிஸ்ட்லயும் வந்துச்சு, அதான் உலக அளவுல முக்கியமான நீர்நிலைங்களோட லிஸ்ட். குளத்துக்கு மணிமுத்தாறு அணைத் தண்ணி கால்வாய் வழியா வரணும், மழை பொய்ச்ச வருஷம் குளம் வெடிச்சுக் கிடக்கும், பறவையும் வராது, ஊரே வெறிச்சுன்னு இருக்கும். நல்ல தண்ணி இருக்குற வருஷம் மார்கழி தையில போனீங்கன்னா பூநாரை, கரண்டிவாயன், அப்புறம் எனக்கு ரொம்பப் பிடிச்ச வரித்தலை வாத்து. தலைல ரெண்டு கருப்புக் கோடு இருக்கும். மங்கோலியா திபெத் பக்கம் இருந்து இமயமலையத் தாண்டி வர்றது, வந்து ராத்திரி எல்லாம் வயல்ல மேஞ்சுட்டு பகல்ல குளத்துல தூங்கும். எட்டாவது படிக்கும்போது ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டுப் போயி ஃபாரஸ்ட் ஆபீஸ்காரங்க சொன்னப்பதான் அது அவ்ளோ தூரத்துல இருந்து வர்றது எனக்கே தெரியும், அது வரைக்கும் நம்ம ஊரு வாத்துன்னு நெனச்சிட்டு இருந்தேன். அன்னைல இருந்து ஒரு நோட்டுல தேதி போட்டு எத்தன பாத்தேன்னு எழுத ஆரம்பிச்சேன். அம்மா இருபத்தஞ்சு பீடி ஒரு கட்டுன்னு எண்ணிக் கட்டுவாங்க, நான் பக்கத்துல உக்காந்து இத எண்ணுவேன், அவ்ளோதான்.

சரி இப்போ இன்ட்ரோவுக்கு வர்றேன். கிளாஸ்ல அறுபது பேரு. மேடம் ஒவ்வொருத்தரா முன்னாடி வந்து இங்கிலீஷ்ல சொல்லச் சொன்னாங்க. எனக்கு முன்னாடி வந்தவங்க எல்லாம் மை ஹாபி ஈஸ் ரீடிங் புக்ஸ், லிசனிங் சாங்ஸ், அடுத்த ஆளும் அதே, அதுக்கடுத்த ஆளும் அதே, பசங்க சைடு போனா கிரிக்கெட்டு. பத்து பேர் தாண்டுனதும் யாரும் யாரையும் கேக்கல, எல்லாரும் அவங்கவங்க முறை எப்ப வரும்னு மனசுக்குள்ள ஒப்பிச்சிட்டு இருக்காங்க. அந்த லிஸ்ட்டுல தப்பு இல்ல, பாட்டு கேக்குறவங்க பாட்டு கேக்குறேன்னுதான் சொல்லணும், ஆனா யார் பாட்டு, எப்போ கேப்ப, பழசா புதுசா, ஒரு வார்த்த கூட சேத்தா கேக்குறவங்களுக்கு திருப்பிக் கேக்க ஏதாச்சும் கிடைக்கும்ல. எங்க கிளாஸ்ல ஒருத்தன் மட்டும் “ஐ ஹியர் ஓல்டு சாங்ஸ் இன் மை தாத்தாஸ் ரேடியோ, ஐ ஒன்லி ரிப்பேர் இட்”னு சொன்னான், கிராமர் எப்படியோ போகட்டும், அன்னைக்கு சாயங்காலமே ரெண்டு பேரு அவன்கிட்ட இயர்போன் ரிப்பேருக்குக் குடுத்துட்டாங்க.

நான் முந்தின நாள் ராத்திரியே நாலு வரி எழுதி வச்சிருந்தேன். இங்கிலீஷ் பயம் இருக்குறவங்களுக்கு இதுதான் நான் சொல்ற ஒரே டிப்ஸ், நீளமா எழுதாதீங்க, நெட்ல இருந்து காப்பி அடிக்காதீங்க, உங்களுக்கு வாயில வர்ற சின்ன சின்ன வாக்கியமா எழுதி சத்தம் போட்டு சொல்லிப் பாருங்க. ஊரு பேர் சொல்லும்போது வெறும் ஊர் பேர மட்டும் சொன்னா யாருக்கும் தெரியாது, பக்கத்து பெரிய ஊர சேத்து சொல்லி, அந்த ஊர்ல என்ன இருக்குன்னு ஒரு வரி. நான் சொன்னது, நான் நெல்லைப் பக்கம் கூந்தன்குளம், அங்க வீட்டு மரத்துலயே நாரை கூடு கட்டும், எங்கம்மா பீடி சுத்துறாங்க, நான் பறவை எண்ணுவேன். அவ்வளவுதான். பின் பெஞ்சுல இருந்து “லவ் பேர்ட்ஸா”ன்னு ஒரு குரல், இன்னொருத்தன் “பிரியாணி போடுவீங்களா”ன்னு. சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். கேலி பண்றானேன்னு அங்கயே மூஞ்சத் தூக்கி வச்சிருந்தா அந்த பேரு மூணு வருஷத்துக்கும் ஒட்டிக்கும்னு தெரியும். மேடம்தான் திடீர்னு கேட்டாங்க, கோயம்புத்தூர்ல பறவை ஆராய்ச்சியாளர் சலீம் அலி பேர்ல ஆராய்ச்சி மையமே இருக்கு தெரியுமாம்மான்னு. எனக்குத் தெரியாது. ஆனைகட்டில இருக்காம், 1990ல ஆரம்பிச்சது. பறவைக்குன்னே ஒரு ஆபீஸ் இருக்கு, அதுல சம்பளம் வாங்குறாங்கன்னு கேட்டு ஊருக்கு போன் பண்ணி சொன்னேன், அப்பா நம்பல.

இப்போ அம்மா வேலைய சொன்ன விஷயம். இத எழுதலாமா வேணாமான்னு யோசிச்சேன், எழுதிடுறேன், ஏன்னா நெறைய பேரு இந்த இடத்துல அம்மா ஹவுஸ்வைஃப்னு சொல்லிட்டு போயிடுறாங்க. அது அவங்கவங்க இஷ்டம், யாரையும் கட்டாயப்படுத்தல. ஆனா வீட்ல உக்காந்து சுளக, அதான் முறத்த, மடில வச்சிட்டு காலைல இருந்து ராத்திரி வரைக்கும் இலை வெட்டி, தூள் வச்சு சுத்தி, நூல் கட்டி, ஆயிரத்துக்கு இவ்ளோன்னு கூலி வாங்குறவங்கள வேலை பாக்கலன்னு சொல்ல எனக்கு வாய் வரல. அன்னைக்கு சாயங்காலம் ஹாஸ்டல்ல தேர்ட் இயர் அக்கா ஒருத்தவங்க ரூம் தேடி வந்தாங்க, தென்காசிப் பக்கம், அவங்க அம்மாவும் பீடிதான். வந்த உடனே கேட்டது, “அம்மாகிட்ட பீடி கார்டு இருக்கா, ஸ்காலர்ஷிப் அப்ளை பண்ணிட்டியா”. எனக்கு அப்படி ஒண்ணு இருக்குறதே தெரியாது. பீடித் தொழிலாளி பிள்ளைங்களுக்கு மத்திய தொழிலாளர் அமைச்சகம் குடுக்குற படிப்பு உதவித்தொகை அது, நேஷனல் ஸ்காலர்ஷிப் போர்ட்டல்ல அப்ளை பண்ணணும். அம்மாவோட அடையாள அட்டை, வருமானச் சான்று, போன வருஷ மார்க் ஷீட், ஆதார் இணைச்ச பேங்க் அக்கவுண்ட், காலேஜ்ல இருந்து போனஃபைடு. நாம அப்ளை பண்ணா மட்டும் போதாது, காலேஜ் சைடுல ஆன்லைன்ல வெரிஃபை பண்ணணும், அது நடந்துச்சான்னு ஆபீஸ்ல போயி நின்னு கேக்கணும், வெரிஃபை ஆகாம அப்படியே தூங்குற அப்ளிகேஷன் நெறைய. கடைசி தேதி வருஷா வருஷம் மாறும், போர்ட்டல்லயே பாத்துக்கோங்க.

அதே அக்காதான் புதுமைப்பெண் திட்டத்துக்கும் ஃபார்ம் போட வச்சாங்க. கவர்மெண்ட் ஸ்கூல்ல ஆறுல இருந்து பன்னெண்டு வரைக்கும் படிச்ச பொண்ணுங்களுக்கு மாசம் ஆயிரம் ரூபா, 2022 செப்டம்பர்ல ஆரம்பிச்சது, வேற ஸ்காலர்ஷிப் வாங்கினாலும் இதையும் வாங்கலாம். பசங்களுக்கு அதே மாதிரி தமிழ்ப்புதல்வன், 2024ல வந்துச்சு. எனக்கு அந்த ஆயிரம்தான் பஸ்ஸும் போன் ரீசார்ஜும். நான் அன்னைக்கு ஹவுஸ்வைஃப்னு சொல்லிட்டு உக்காந்திருந்தா அந்த அக்காவுக்கு என்னத் தேடி வர காரணமே இருந்திருக்காது. இன்ட்ரோல உள்ளத உள்ளபடி சொல்லுங்கன்னு நான் சொல்றது பெருமைக்காக இல்லங்க, நம்மள மாதிரி இருக்குற இன்னொரு ஆளுக்கு நாம எங்க இருக்கோம்னு தெரியணும்ல, அதுக்குத்தான்.

இது எல்லா இடத்துக்கும் பொருந்தாது. ராத்திரி பத்து மணிக்கு மேல கதவத் தட்டி “இன்ட்ரோ குடு”ன்னு நிக்க வச்சு, திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லி, பாடு ஆடுன்னு கேட்டா அது அறிமுகம் இல்ல, ராகிங். தமிழ்நாட்டுல இதுக்கு 1997லயே தனிச் சட்டம் இருக்கு. பேரு, டிபார்ட்மெண்ட், ஊரு, அது மூணு போதும், வீட்டு அட்ரஸ், போன் நம்பர், அப்பா சம்பளம், சாதி இதெல்லாம் யார் கேட்டாலும் சொல்லணும்னு அவசியமே இல்ல. வார்டன்கிட்ட சொல்ல பயமா இருந்தா தேசிய ஹெல்ப்லைன் 1800-180-5522, இருபத்தினாலு மணி நேரமும் எடுப்பாங்க, காசு கிடையாது. எங்க ஹாஸ்டல்ல அந்தத் தொல்லை இல்ல, பக்கத்து ஹாஸ்டல் பொண்ணு ஒருத்தி சொன்னதக் கேட்டுத்தான் எழுதுறேன். சாதிய நேரா கேக்க மாட்டாங்க, எந்தத் தெரு, குலசாமி எதுன்னு சுத்தி வளைச்சு வருவாங்க, “எங்க ஊர்ல ஒரே தெருதான்”னு சிரிச்சிட்டே சொல்லிட்டு தண்ணி புடிக்கப் போயிருவேன் நான்.

என் ரூம்மேட் கதையும் சொல்லணும். காங்கேயம் பக்கம். அவ இன்ட்ரோல எனக்கு ஹாபி எதுவும் இல்லைனு சொன்னா. ஒரு மாசம் கழிச்சு ஊருக்குப் போயிட்டு வந்து கால் வலிக்குதுன்னு தைலம் தேச்சிட்டு உக்காந்திருக்கா, என்னடின்னு கேட்டா கோயில்ல வள்ளி கும்மியாம், ஒரே கலர் சேலை கட்டி பெரிய கூட்டமா மூணு மணி நேரம் ஆடியிருக்கா, சின்ன வயசுல இருந்தே ஆடுறாளாம், பாட்டு முழுக்க மனப்பாடம். ஏன்டி இத சொல்லலன்னா “அது ஊர்ல எல்லாரும் பண்றதுதானே, அதப்போயி ஹாபின்னு சொல்வாங்களா”ங்கறா. கல்ச்சுரல்ஸ்க்கு குரூப் சேக்கும்போது நான்தான் பேர் குடுத்தேன், அவ ஒரு வாரம் பேசல, அப்புறம் பத்து பேருக்கு அவளே சொல்லிக் குடுத்தா. ஹாபின்னா காசு குடுத்து கிளாஸ் போயி கத்துக்கிட்டதா இருக்கணும், சர்டிஃபிகேட் இருக்கணும்னு எல்லாருக்கும் ஒரு எண்ணம். மாட்டுக்கு பேர் வைக்கிறதுல இருந்து சைக்கிள் பஞ்சர் ஒட்டுறது வரைக்கும், யாரும் சொல்லாமலே நாம போயி பண்றது எதுவோ அதுதான் சொல்ல வேண்டியது.

அக்டோபர்ல ஒரு சம்பவம் நடந்துச்சு, அதுக்கப்புறம்தான் பிரியாணி ஜோக் நின்னுச்சு. காலைல அஞ்சரை இருக்கும், கீழ் வராண்டால கத்துறாங்க, போயி பாத்தா கண்ணாடிக் கதவுக்கு அடில ஒரு குருவி உக்காந்திருக்கு, பச்ச முதுகு, இறக்கைல நீலம், வயித்துக்குக் கீழ செவப்பு, கண்ணுக்கு மை இழுத்த மாதிரி கருப்புப் பட்டை. யாரோ வீட்ல வளத்த கிளி தப்பிச்சு வந்திருக்குன்னு ஒருத்தி, கூண்டு வாங்கலாம்னு ஒருத்தி. அது ஆறுமணிக்குருவி. காலைல சாயங்காலம் ஆறு மணி வாக்குல கத்துறதால அந்தப் பேரு. இமயமலை அடிவாரம், மத்திய இந்தியாப் பக்கம் குஞ்சு பொரிச்சுட்டு குளிர்காலத்துக்கு நம்ம பக்கம், இலங்கை வரைக்கும் வரும், ராத்திரில பறந்து வரும், களைச்சுப்போயி லைட்டுல குழம்பி கண்ணாடில மோதி விழுந்திரும். அக்டோபர் நவம்பர்ல இது அங்கங்க நடக்குறதுதான்.

அப்படி உங்க ஹாஸ்டல்ல விழுந்தா என்ன பண்ணணும்னு சொல்லிடுறேன், நோட் பண்ணிக்கோங்க. மொதல்ல கூட்டத்த விலக்குங்க, போட்டோ அப்புறம். ஒரு அட்டைப்பெட்டில நாலு ஓட்டை போட்டு, உள்ள பழைய துணி விரிச்சு, குருவிய துணியால மெதுவா மூடி எடுத்து உள்ள வச்சு மூடிருங்க. இருட்டும் சத்தமில்லாத இடமும்தான் அதுக்கு மருந்து. வாயத் தெறந்து தண்ணி ஊத்தக்கூடாது, மூச்சுக்குழாய்க்குள்ள போயிரும், சோறு பிஸ்கட்டு எதுவும் வேணாம், அது பூச்சி புழு திங்கிறது. ரெண்டு மணி நேரம் கழிச்சு மரம் இருக்குற இடமா பாத்து பெட்டியத் தெறந்து வச்சுட்டு தள்ளி நில்லுங்க. அப்பவும் பறக்கலைன்னா, இல்ல இறக்கை தொங்குச்சுன்னா, வனத்துறைக்கு போன் பண்ணுங்க. அழகா இருக்குன்னு கூண்டுல வச்சுக்கிட்டா 1972 வனவிலங்கு சட்டப்படி குத்தம். எங்க குருவி எட்டு மணிக்கு பெட்டிய விட்டு குதிச்சு, செத்த நேரம் எங்களப் பாத்துட்டு, மெஸ்ஸுக்குப் பின்னாடி இருக்குற புதருக்குள்ள போயிருச்சு. அன்னைக்கு ஃபர்ஸ்ட் ஹவர் லேட்டு, அட்டெண்டன்ஸ் கிடைக்கல, பரவால்ல.

அதுக்கப்புறம் பறவை பாக்க நானும் வரட்டுமான்னு கேக்குறவங்க அதிகம் ஆயிட்டாங்க. எல்லாரும் மொதல்ல கேக்குறது பைனாக்குலர் எவ்ளோன்னு. முதல் வருஷம் வாங்கவே வேணாங்க. வெறும் கண்ணால கேம்பஸ்ல இருக்குற இருபது முப்பது பறவைய அடையாளம் சொல்லப் பழகுங்க, எங்க கேம்பஸ்ல மயிலு மாணவர்கள விட அதிகம்னு தோணும், அது போக செம்போத்து, கொண்டலாத்தி, வால்காக்கை, தேன்சிட்டு, ரெட்டைவால் குருவி, சாயங்காலம் கரண்டு கம்பில பஞ்சுருட்டான். அப்புறம் வாங்குறதா இருந்தா 8x42ன்னு போட்டது வாங்குங்க, அந்த எட்டுதான் எத்தன மடங்கு பெருசா காட்டும்ங்கறது, பெருசா தெரியணும்னு கண்ட நம்பர் வாங்குனா கை ஆட்டத்துல எதுவும் நிக்காது. போன்ல மெர்லின் ஆப் ஃப்ரீ, சத்தத்த வச்சே பேர் சொல்லும், ஆனா அது சொல்றத அப்படியே நம்பாம கண்ணால ஒரு தடவ பாத்துட்டு எழுதுங்க. எழுதுறதுக்கு ஈபேர்ட், அது பாத்த பறவைய லிஸ்ட் போட்டு பதியுற ஆப், ஒரு இடத்துல பதினஞ்சு நிமிஷம் நின்னு பாத்தது கேட்டது எல்லாத்தையும் எண்ணிக்கையோட போடணும், காக்காயும் சேத்துத்தான், காக்கா தானேன்னு விட்டா அது கணக்கு இல்ல. டேலி ஆகாத அக்கவுண்ட காட்டுனா எங்க சார் மூஞ்சி எப்படிப் போகும்னு எனக்குத் தெரியும், இதுவும் அப்படித்தான்.

ஞாயித்துக்கிழம முடிஞ்சா உக்கடம் பெரியகுளம் போவேன். மொத தடவ அங்க கூழைக்கடா மிதக்குறதப் பாத்ததும் போன எடுத்து ஆச்சிக்கு வீடியோ கால் போட்டேன். ஆச்சி பாத்துட்டு “அதுக்கு அங்கன மீனு கிடைக்குதா, உனக்கு சோறு கிடைக்குதா”ன்னு கேட்டாங்க, மெஸ் சாம்பார் பத்தி நான் எதுவும் சொல்லல.

பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ, லீவுல தமிழ்நாடு முழுக்க நடக்குற பொங்கல் பறவைக் கணக்கெடுப்புக்கு ஆச்சி வீட்டு வாசல்ல உக்காந்தே லிஸ்ட் போட்டேன், அம்மா பக்கத்துல சுளகோட. அடுத்து பிப்ரவரில நாலு நாள் உலகம் முழுக்க ஒரு கணக்கெடுப்பு வரும், அதுல காலேஜ் கேம்பஸ்களும் சேரலாம். எங்க கிளாஸ்ல இருந்து ஒம்பது பேர் பேர் குடுத்திருக்காங்க, பிரியாணி கேட்டவனும் அதுல ஒருத்தன். கேம்பஸ நாலா பிரிச்சு ரெண்டு மூணு பேருக்கு ஒரு பக்கம்னு போட்டிருக்கேன், அவனுக்கு மெஸ் பக்கம். அதுல மூணு பேருக்கு ஆண் குயிலுக்கும் காக்காவுக்கும் வித்தியாசம் தெரியல, ரெண்டுல செவப்புக் கண்ணு எதுக்கு இருக்குன்னு கேட்டா முழிக்கிறாங்க, புள்ளி புள்ளியா இருக்குற பொட்டக் குயில பருந்துக் குஞ்சுன்னு எழுதி வச்சிருக்கான் ஒருத்தன். இந்த வாரம் தெனமும் ஆறரைக்கு கேட் பக்கத்துல நிக்கச் சொல்லியிருக்கேன், எத்தன பேரு எந்திரிச்சு வர்றாங்கன்னு பாக்கணும்.